கற்சுவர், மூன்று மின்னல், வெள்ளம்: 617 ஸ்குவாட்ரன் சின்னத்தை மரத்தில் செதுக்கிய அனுபவம்

விமானப்படை ஸ்குவாட்ரன்களின் சின்னங்களை மரத்தில் புடைப்பாகச் செதுக்குவது எனக்குப் பல வருடப் பழக்கம். யானை, நாகம், கழுகு, வாள் என்று பெரும்பாலான சின்னங்களில் ஒரு விலங்கோ ஆயுதமோதான் இருக்கும். அந்தப் படை தன்னை எப்படி நினைத்துக்கொள்கிறது என்பது அதில் தெரியும். என்ன செய்தது என்பது தெரியாது. பிரிட்டிஷ் விமானப்படையின் 617-வது குண்டுவீச்சு ஸ்குவாட்ரனின் சின்னம் வேறு மாதிரி. வட்டத்துக்குள் குறுக்கே ஒரு கற்சுவர். மேலிருந்து மூன்று மின்னல்கள் இறங்கிச் சுவரைப் பிளக்கின்றன. பிளவு வழியே தண்ணீர் கொட்டுகிறது. ஒரே இரவில் நடந்த ஒரு காரியத்தின் படம் அது. அதனால்தான் இதைச் செதுக்க உட்காரும் முன், அந்த இரவைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். கதை தெரியாமல் இந்தச் சின்னத்தில் உளி வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அந்த ஸ்குவாட்ரன் உருவானது 1943 மார்ச் 21 அன்று, இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் உள்ள ஸ்காம்ப்டன் தளத்தில். ஒரே ஒரு வேலைக்காகத் திரட்டிய படை. தலைமை ஏற்ற விமானி கை கிப்சனுக்கு (Guy Gibson) அப்போது வயது 24. சரியாக எட்டு வாரம் கழித்து, மே 16 இரவு, 19 லங்காஸ்டர் விமானங்களில் 133 பேர் கிளம்பினார்கள். இலக்கு, ஜெர்மனியின் மேற்குப் பகுதியில் இருந்த பெரிய அணைகள். மோனே, ஈடர் இரண்டும் உடைந்தன. மூன்றாவதான சோர்ப, மண்ணைக் கொட்டிக் கட்டிய அணை. குண்டு விழுந்தும் தாங்கி நின்றது. 8 விமானங்கள் திரும்பவில்லை. 53 பேர் இறந்தார்கள், 3 பேர் சிறைப்பட்டார்கள்.

சின்னம் பிறந்தது அதற்குப் பிறகு. மே 27 அன்று ஆறாம் ஜார்ஜ் மன்னர் ஸ்காம்ப்டனுக்கு வந்தபோது, கிப்சன் அவர் முன் இரண்டு வரைபடங்களை வைத்தார். ஒன்றில், சங்கிலியை அறுக்கும் சம்மட்டி. அதன் கீழ் 'வரைபடத்தை மாற்று' என்ற பொருளில் ஒரு வாசகம். இன்னொன்றில் உடைந்த அணை. மன்னர் அணையைத் தேர்ந்தெடுத்தார். சரியான தேர்வு என்பது என் எண்ணம். சம்மட்டியும் சங்கிலியும் எந்தப் படைக்கும் பொருந்திவிடும். இடிந்த அணை இவர்களுக்கு மட்டுமே சொந்தம்.

முதலில் முடிவு செய்ய வேண்டியிருந்தது கிரீடத்தை. பிரிட்டிஷ் விமானப்படைச் சின்னம் எல்லாவற்றுக்கும் பொதுவான சட்டகம் ஒன்று உண்டு: நடுவில் படம், அதைச் சுற்றி எழுத்துள்ள வளையம், வெளியே இலை மாலை, கீழே வாசகம் எழுதிய நாடா, உச்சியில் கிரீடம். இந்தக் கிரீடம் ஆட்சிக்குத் தக்கபடி மாறியிருக்கிறது. 1943-ல் இருந்தது டியூடர் கிரீடம். அதன் வளைவுகள் மேலே குவிமாடம்போல உருண்டு சேரும். எலிசபெத் ராணி காலத்தில் வந்த புனித எட்வர்டு கிரீடத்தில் வளைவுகள் நடுவில் சற்றே உள்வாங்கியிருக்கும். இப்போது மூன்றாம் சார்லஸ் காலத்தில் மறுபடியும் டியூடர் வடிவத்துக்கே போய்விட்டார்கள். பார்த்துச் செதுக்கலாம் என்று தேடினால் கையில் கிடைக்கும் படங்களில் பெரும்பகுதி ராணி காலத்தவை. அந்தக் கிரீடத்தை 1943-ன் கதைக்கு மேல் வைத்தால் பத்து வருடம் தள்ளிப்போய்விடும். நான் உருண்ட வளைவையே எடுத்துக்கொண்டேன். செதுக்கவும் அது எளிது. உள்வாங்கும் இடத்தில் நாரின் போக்கு மாறி மரம் பிய்யும் தொல்லை இதில் கிடையாது.

மரம் இரண்டு வகை. சட்டகத்துக்குப் பழைய வீட்டுக் கதவிலிருந்து எடுத்த தேக்குப் பலகை, ஓரங்குலக் கனம். பழைய தேக்கு இனி நெளியாது, வெடிக்காது. ஆனால் அதன் நார் முரடு. சுண்டுவிரல் நகம் அளவு எழுத்தைச் செதுக்கினால் மூலைகள் உதிரும். அதனால் நடு வட்டத்துக்குக் குமிழ். மிருதுவான மரம், நிறம் வெளிர், நார் நெருக்கம், உளிக்கு அடங்கும். தேக்கில் ஆறங்குல விட்டத்துக்குக் குழி எடுத்து, குமிழ் வட்டத்தைத் தனியாகச் செதுக்கி அதற்குள் இறக்குவது என்று திட்டம். இதில் இன்னொரு வசதியும் உண்டு: நடு வட்டத்தின் நார் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதை நானே தீர்மானிக்கலாம்.

நார்தான் இந்த வேலையின் தலையெழுத்து. சுவர் குறுக்கே ஓடுகிறது. மின்னலும் தண்ணீரும் மேலிருந்து கீழே வருகின்றன. நாரைக் கிடையாக வைத்தால் சுவர் வழுக்கிக்கொண்டு வரும். மின்னலின் நுனிகள் குறுக்கு நாரில் நின்று தட்டினால் உதிரும். செங்குத்தாக வைத்தால் மின்னல் பிழைக்கும். சுவரின் கல் வரிசைகள் பிசிறடிக்கும். எங்கள் தெரு ஆசாரியிடம் பலகையைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "செவுத்துக்குப் படுக்க வச்சுக்கோ தம்பி. தண்ணிய குறுக்க வெட்டு, தப்பில்ல. ஆனா ஒவ்வொரு வெட்டுக்கும் உளியைக் கல்லுல காட்டிட்டு வா" என்றார். அவர் சொன்னபடியே வைத்தேன்.

சுவருக்கு இரண்டு நூல் ஆழம் கொடுத்தேன், அதாவது கால் அங்குலம். முதலில் விளிம்புகளைக் கத்தியால் கீறி நிறுத்தி, பிறகு பின்னணியைக் குழிவான உளியால் இறக்கினேன். கல் வரிசைகளை ஒரே அளவில் கோடு போட்டு வெட்டினால் அது செங்கல் சுவராகிவிடும். மோனே அணை 1913-ல் கட்டி முடித்த கல் அணை. ஏறக்குறைய நாற்பது மீட்டர் உயரம். அடியில் அகன்று மேலே குறுகும். சின்னத்தில் அதற்கெல்லாம் இடம் இல்லை. ஆனாலும் கற்களின் நீளத்தைச் சற்றே கூட்டிக் குறைத்து, மேல் வரிசையைக் கீழ் வரிசையைவிட அரை நூல் உள்ளே தள்ளினேன். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் சுவருக்கு ஒரு கனம் தெரிகிறது.

அந்தக் கனம்தான் பார்ன்ஸ் வாலிஸ் என்ற பொறியாளர் முன் நின்ற கேள்வி. அவ்வளவு கல்லை எதைக் கொண்டு உடைப்பது? தொலைவில் விழும் குண்டு எத்தனை பெரிதானாலும் பயன் இல்லை. சுவரை ஒட்டி, நீருக்கடியில் வெடித்தால் மிகக் குறைந்த மருந்தே போதும். வேல்ஸில் உள்ள நான்ட்-இ-க்ரோ என்ற சிறிய அணையில் 1942-ல் வெடித்துப் பார்த்து இதை உறுதிசெய்தார்கள். வெடிப்பைச் சுற்றியுள்ள தண்ணீர் அதன் விசையை வெளியே விடாமல் சுவர்மேலேயே திருப்பிவிடுகிறது. ஆனால் நீர்மூழ்கிக் குண்டுகளைத் தடுக்க அணைக்கு முன்னால் வலை கட்டியிருந்தார்கள். வலையைத் தாண்டி, சுவரில் போய் ஒட்டி, ஒட்டியபடியே கீழே இறங்க வேண்டும். குளத்தில் ஓட்டாஞ்சில்லு எறிந்து தத்தவிடுவோமே, அதே வித்தையைத்தான் வாலிஸ் கையில் எடுத்தார். தன் வீட்டில் தண்ணீர்த் தொட்டியின்மேல் கோலிக்குண்டுகளை எய்து பார்த்ததில் தொடங்கியது அது.

முடிவில் வந்த குண்டு எண்ணெய் பீப்பாய் வடிவம். எடை ஏறத்தாழ 4,200 கிலோ, அதில் மருந்து மட்டும் 3,000 கிலோ அளவு. விமானத்தின் வயிற்றில் இருக்கும்போதே நிமிடத்துக்கு 500 சுற்று வீதம் பின்னோக்கிச் சுழற்றிவிடுவார்கள். அந்தச் சுழற்சிதான் அதை நீரின்மேல் தத்தவும் வைத்தது, சுவரில் மோதிய பின் விலகாமல் சுவரோடு ஒட்டி இறங்கவும் வைத்தது. ஒன்பது மீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தமே வெடிக்கச் செய்யும்.

மர வேலைக்காரன் என்பதால் ஒரு விவரம் என்னை நிறுத்திவிட்டது. அந்தப் பீப்பாயைச் சுற்றி மரப்பலகைகளை அடுக்கி, இரும்புப் பட்டையால் இறுக்கி, முழு உருண்டையாகத்தான் முதலில் செய்திருந்தார்கள். 1943 ஏப்ரலில், கென்ட் கடற்கரையில் ரெக்கல்வர் அருகே நடந்த ஒத்திகையில், நீரில் பட்டவுடன் மர உறை சுக்குநூறாகத் தெறித்தது. உள்ளே இருந்த பீப்பாய் மட்டும் தத்திப் போனது. வாலிஸ் உறையையே விட்டுவிட்டார். இன்னும் தாழ்ந்து, 60 அடி உயரத்தில் பறக்க முடியுமா என்று கிப்சனைக் கேட்டார். இரவில், நீருக்கு மேல், நான்கு எஞ்சின் விமானத்தில் 18 மீட்டர் உயரம்! சம்மதித்தார்கள். உயரத்தை அறிய விமானத்தின் அடியில் இரண்டு விளக்குகளைச் சாய்த்துப் பொருத்தினார்கள். 60 அடியில் இரண்டு வெளிச்ச வட்டங்களும் நீர்மேல் தொட்டுக்கொள்ளும். நேவிகேட்டர் பக்கத்துக் கண்ணாடி வழியே அதைப் பார்த்தபடி 'இறங்கு, இறங்கு, போதும்' என்று சொல்லிக்கொண்டே வருவார்.

மின்னல்களுக்கு வருகிறேன். மூன்றும் மேலே அகன்று கீழே ஒன்றை ஒன்று நெருங்கி வரும், ஆப்பு அடித்ததுபோல. ஆசாரி எச்சரித்தபடி நுனிகள்தான் தலைவலி. குறுக்கு நாரில் கூர்மையான நுனியைத் தனித்து நிற்கவிட்டால் துடைக்கும் துணியில் மாட்டியே உடையும். அதனால் நுனிகளைத் தூக்கி நிறுத்தாமல், சுவரின் பிளவுக்குள் சரிந்து புதையும்படி விட்டேன். பக்கங்களை நெட்டுக்குத்தாக வெட்டாமல் சாய்வாக இறக்கினேன். அடி அகலமாக இருந்தால் நார் தாங்கும். முறிவுக் கோணங்களில், நொடியில் ஒட்டும் சயனோ பசை ஒரு சொட்டு ஊறவிட்டு, காய்ந்த பிறகு வெட்டியது நல்ல பலன் தந்தது. நுண்ணிய வேலை செய்பவர்கள் இதை முயன்று பாருங்கள்.

தண்ணீரில்தான் அதிக நேரம் போனது. இந்தச் சின்னத்தின் மரப்பிரதிகள் சிலவற்றைப் பார்த்திருக்கிறேன். பலவற்றில் தண்ணீர் குற்றாலத்து மெல்லிய அருவி போல அழகாக வழிகிறது. அது எனக்கு ஏற்கவில்லை. மோனேயில் பிளவு ஏறக்குறைய 76 மீட்டர் அகலம், 22 மீட்டர் ஆழம். பின்னால் தேங்கி நின்றது 13 கோடி கன மீட்டருக்கு மேற்பட்ட நீர். கீழே பள்ளத்தாக்கில் ஊர்கள் இருந்தன. நேஹைம் என்ற ஊருக்கு அருகே, சோவியத் நாடுகளிலிருந்து கட்டாய வேலைக்குப் பிடித்துவரப்பட்ட பெண்களின் முகாம் இருந்தது. வெள்ளம் அதன்மேல் போனது. அந்த இரவில் அணைகளுக்குக் கீழே 1,300-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்; அவர்களில் பல நூறு பேர் அந்த முகாமில் இருந்தவர்கள். ஹிட்லரின் எதிரிகள் வீசிய குண்டில், ஹிட்லரின் கைதிகள் செத்தார்கள். விமானிகளின் துணிச்சலை நான் மனதாரப் போற்றுகிறேன். அதே அளவுக்கு இந்தப் பெண்களையும் மறக்கக்கூடாது என்று நினைக்கிறேன். சின்னத்தில் அவர்களுக்கு இடம் தருவது தண்ணீர் மட்டும்தான். அதை அழகாக்க எனக்கு உரிமை இல்லை.

ஆகவே வழவழப்பாகத் தேய்க்கும் எண்ணத்தை விட்டேன். வி வடிவ உளியால் பிளவின் வாயிலிருந்து கீழ்நோக்கி ஆழமாக, ஒன்றோடொன்று மோதும் வரிகளாக வெட்டினேன். குறுக்கு நாரில் மழுங்கிய உளி மரத்தை வெட்டாது, பிய்க்கும். எண்ணெய்க்கல்லில் தீட்டி, தோல் பட்டையில் தேய்த்து, மறுபடியும் வெட்டு. சுவரைவிடத் தண்ணீரை முன்னால் துருத்தவிட்டேன். அடியில் அது நேராக வட்டத்தின் விளிம்பு வரை வந்து முட்டுகிறது. சுவருக்கும் மின்னலுக்கும் 120, 220, 400 என்று உப்புத்தாள் போட்டேன். தண்ணீரில் உப்புத்தாளே படவில்லை. உளித்தடம் அப்படியே நிற்கிறது.

வாசகம் பிரெஞ்சு மொழியில் இருக்கிறது: 'அப்ரே முவா ல தெலூஜ்', எனக்குப் பின் பிரளயம். பதினைந்தாம் லூயி காலத்து பிரெஞ்சு அரசவையோடு சேர்த்துச் சொல்லப்படும் வாக்கியம் இது. நாடா தேக்கில் வருவதால் எழுத்துகளைப் புடைப்பாக எடுக்காமல் உள்ளே வெட்டினேன். தேக்கில் அதுதான் நிற்கும். எழுத்துகளின் தலையில் வரும் சாய்கோடுகளை விடக்கூடாது. அவற்றைக் கடைசியில், மெல்லிய உளியின் முனையை ஒருமுறை அழுத்தி எடுத்தாலே போதும்.

நிறம் பூசவில்லை. தேக்கின் கருமைக்கு நடுவே குமிழின் வெளிர் வட்டம் தானாகவே எடுப்பாக நிற்கிறது. பிளவின் உள்பக்கம் மட்டும் நீர்த்த கறுப்புச் சாயம். மேலே ஆளிவிதை எண்ணெய், நன்றாகக் காய்ந்த பின் மெழுகு. வார்னிஷ் அடித்தால் உளித்தடங்கள் பளபளத்து, தண்ணீர் மறுபடியும் அருவியாகிவிடும்.

இந்தச் சின்னத்தைச் சுமந்தவர்கள் பிறகு போன இடங்கள் பல. 1944 நவம்பர் 12 அன்று 9-வது ஸ்குவாட்ரனோடு சேர்ந்து நார்வேயில் ஜெர்மனியின் டிர்பிட்ஸ் போர்க்கப்பலைக் கவிழ்த்தார்கள். கிராண்ட் ஸ்லாம் என்ற பத்து டன் குண்டைப் போரில் வீசியது இவர்கள் மட்டுமே. 1946-ல் சில மாதங்கள் வங்காளத்தின் திக்ரி தளத்தில் இருந்திருக்கிறார்கள்; லங்காஸ்டர்களோடு இந்தச் சின்னம் நம் மண்ணுக்கும் வந்திருக்கிறது. பிறகு கான்பரா, வல்கன், டொர்னாடோ விமானங்கள். டொர்னாடோவின் வால் வரை அந்த மின்னல் ஏறியது. 2018 முதல் அவர்கள் ஓட்டுவது எஃப்-35பி. பிரிட்டிஷ் விமானப்படை அதற்கு வைத்திருக்கும் பெயரே லைட்னிங், அதாவது மின்னல்.

கிப்சன் 1944 செப்டம்பரில் நெதர்லாந்தில் விழுந்து இறந்தார். ஈடரைக் கடைசிக் குண்டில் உடைத்த லெஸ் நைட், நான்கே மாதத்தில், சேதமடைந்த விமானத்திலிருந்து தன் குழுவைக் குதிக்கவிட்டுத் தான் மட்டும் அதோடு போனார். பிறகு இந்த ஸ்குவாட்ரனை நடத்திய லெனார்டு செஷயர், நாகசாகியில் அணுகுண்டு விழுந்ததை விமானத்திலிருந்து நேரில் பார்த்தவர். போருக்குப் பின் அவர் தொடங்கிய உடல் ஊனமுற்றோர் இல்லங்கள் இந்தியாவிலும் இருக்கின்றன. எனக்கு இந்தப் படையின் பெயர்களில் மிகவும் பிடித்தது அவர் பெயர்.

மிச்சம் விழுந்த பிளைவுட் துண்டில் ஒரு சிறு கருவியும் செய்தேன். குண்டை எந்த இடத்தில் விடுவது என்று கண்டுபிடிக்க அவர்கள் பயன்படுத்தியது ஒரு மர முக்கோணமும் இரண்டு ஆணிகளும். விங் கமாண்டர் டான் சொன்ன யோசனை. மோனேக்கும் ஈடருக்கும் மதில்மேல் இரண்டு கோபுரங்கள் உண்டு. முக்கோணத்தின் ஒரு முனையில் கண் துளை, மற்ற இரண்டு முனைகளில் ஆணி. துளை வழியே பார்க்கும்போது இரண்டு ஆணிகளும் இரண்டு கோபுரங்களுக்கு நேராக வந்தால், சரியான தூரம். பள்ளிக்கூடத்தில் படித்த ஒத்த முக்கோணக் கணக்குதான். ஒத்திகைக்கு, டெர்பிஷயரில் கோபுரங்கள் உள்ள டெர்வென்ட் அணைமேல் பறந்து பார்த்தார்கள்.

நான் ஆணிகளை 15 செ.மீ. இடைவெளியில் அடித்தேன், ஆணிகளின் வரிசையிலிருந்து கண் துளைக்கு 30 செ.மீ. விகிதம் ஒன்றுக்கு இரண்டு. கால்பந்து கோல் கம்பங்களின் இடைவெளி 7.32 மீட்டர். எனவே ஆணிகளும் கம்பங்களும் ஒன்றாகத் தெரிய வேண்டிய தூரம் 14.64 மீட்டர். பள்ளி மைதானத்தில் கோலை நோக்கி நடந்துகொண்டே பார்த்தேன். ஆணிகள் கம்பங்களை மறைத்த இடத்தில் நின்று டேப் பிடித்தால், கணக்குக்கு மிக அருகில் வந்தது. அதே கருவியோடு ஓடிப் பார்த்தால் ஆணிகள் கம்பங்களைச் சுற்றி ஆடுகின்றன. எங்கே நிற்பது என்றே தெரியவில்லை. விமானம் பறந்தது மணிக்கு ஏறத்தாழ 370 கிலோமீட்டர் வேகத்தில். விநாடிக்கு நூறு மீட்டருக்கு மேல். குண்டை விட வேண்டிய இடம் சுவருக்கு நானூறு மீட்டர் முன்னால். ஒரு விநாடி பிந்தினால் கால் பங்கு தூரம் போய்விடும்.

அவர்களுக்கும் இதே ஆட்டம் தொல்லை கொடுத்திருக்கிறது. குப்புறப் படுத்துக்கொண்டு ஒரு கையில் மரத்துண்டைப் பிடித்தால் விமானத்தின் குலுக்கலில் நிற்கவில்லை. சில குண்டுவீச்சாளர்கள் அதை விட்டுவிட்டு, முன் கண்ணாடியில் மெழுகுப் பென்சிலால் இரண்டு கோடு போட்டு, அதன் பக்கங்களில் ஒரு கயிறு கட்டி, அதைக் கண்ணுக்கு இழுத்து, முழங்கைகளை ஊன்றிப் பார்த்தார்கள். அதையும் செய்து பார்க்க ஒரு கண்ணாடித் தகடு வாங்கி வைத்திருக்கிறேன். கயிறு முக்கோணத்தைவிட நீளமாக இருப்பதால் கோடுகளின் இடைவெளியும் கூடும். அதனாலேயே ஆட்டத்தின் பிழை குறையும் என்பது என் கணக்கு. மழை விட்டு மைதானம் காய்ந்ததும் அளந்துவிட்டு எண்களை இதன் கீழேயே சேர்க்கிறேன்.